முன் சக்கரம் இல்லாத இறக்கம்

எங்கள் வீட்டில் ஒரு வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது என்று தடை போட்டிருந்தேன். அந்த வார்த்தை பயம்.

என் வீட்டுக்காரர் சைக்கிள் பந்தய வீரர். மலைச்சாலையில் இறங்கும்போது ஒரு வளைவில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. எலும்பு ஒட்டிவிட்டது, டாக்டரும் கை குலுக்கி அனுப்பிவிட்டார். ஏற்றத்தில் முன்பு போலவே ஏறுகிறார், சமதளத்தில் யாருக்கும் சளைக்காமல் ஓட்டுகிறார். இறக்கம் வந்தால் மட்டும் இரண்டு கைகளும் பிரேக்கைக் கவ்விக்கொள்கின்றன. உடம்பு தேறி அணியோடு போன முதல் நாள், மற்றவர்கள் அடிவாரத்தில் முகம் கழுவி, தண்ணீர் குடித்து, அரட்டையும் அடித்து முடித்த பிறகு இவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாராம். கேட்டவர்களிடம் தோள்பட்டை வலி என்று சொன்னோம். சொன்னோம் என்றால், நான் சொன்னேன், இவர் தலையாட்டினார்.

கோச் கெட்டவர் இல்லை. எனக்கே போன் செய்து பேசினார். "அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை மலை மேல இருந்து தனியா இறங்கட்டும்மா. நான் பின்னாடியே கார்ல வரேன். பழையபடி இறங்கினா டீம்ல இருக்கார். இல்லன்னா வேற ஆளப் பாக்கணும். தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? முப்பத்து நாலு வயதுக்காரரை இனி வேறெந்த அணியும் ஏறெடுத்துப் பார்க்காது. இவருக்கோ சைக்கிளைத் தவிர வேறெதுவும் தெரியாது. பல்பு மாற்றச் சொன்னால் ஏணியைப் பிடித்துக்கொண்டு என்னை ஏறச் சொல்கிற மனிதர். அந்த அணியிலிருந்து எடுத்துவிட்டால் இவர் காலையில் எதற்காக எழுந்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அதனால்தான் தூக்கியைக் கொண்டுவரச் சொன்னேன்.

தூக்கி என்பது நாங்கள் வைத்த பெயர். டப்பாவில் கிரேடியண்ட் சிமுலேட்டர் என்று போட்டிருக்கும். சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பயிற்சி மெஷினில் மாட்டுவது எல்லா வீரர்களும் செய்வதுதான். தூக்கி இருந்தால் முன் சக்கரத்தையும் கழற்றிவிட்டு, அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை அதன் மேல் பொருத்த வேண்டும். திரையில் ஓடும் சாலை ஏறினால் தூக்கி சைக்கிளின் முன்பக்கத்தை உயர்த்தும், இறங்கினால் தாழ்த்தும். ஊரில் எல்லோரும் ஏற்றத்துக்காக வாங்குகிற சாமான் அது. எனக்கு வேண்டியது இறக்கம்.

என் கொழுந்தன்தான் அந்த அணியின் மெக்கானிக். அணியின் கிடங்கில் சும்மா கிடந்த ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். துணி துவைக்கும் அறைதான் காலியாக இருந்தது. வாஷிங் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சைக்கிளை நிறுத்தினோம். ஃபோர்க்கின் அடியில் பிரேக் பேட் இரண்டுக்கும் நடுவே அவன் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கட்டையைச் செருகினான்.

"அண்ணி, இது கழண்டு விழாமப் பாத்துக்குங்க. சக்கரம் இல்லாதப்ப பிரேக்க அமுக்கினா பேட் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் சக்கரம் உள்ள போகாது."

"ரூமுக்குள்ள நிக்கிற சைக்கிள்ல எவன்டா பிரேக் புடிப்பான்?"

அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். இவர் மட்டும் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

மீதி வேலையெல்லாம் நானே செய்தேன். என் பிழைப்பே அதுதான். காது கேட்காதவர்களுக்குக் காது மெஷின் பொருத்தி, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்குவது என் வேலை. முதல் நாளே முழுச் சத்தம் வைத்தால் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிடுவார்கள். அடுத்த முறை வந்து, "நாள் பூரா போட்டிருந்தேம்மா" என்று கூசாமல் பொய் சொல்வார்கள். மெஷின் எத்தனை நேரம் காதில் இருந்தது என்பதை அதுவே பதிந்து வைத்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்பேன். என்னிடம் யாரும் டிமிக்கி கொடுக்க முடியாது என்று எனக்கு அப்படி ஒரு திமிர்.

இவருடைய சைக்கிளில் இருந்த குட்டிக் கருவியில் விழுந்த நாளின் பாதை அப்படியே பதிவாகியிருந்தது. அதை எடுத்துப் பயிற்சிச் செயலியில் ஏற்றினேன். அந்தச் செயலி இறக்கத்தைத் தானாகவே பாதியாகக் குறைத்துத்தான் காட்டுமாம். அந்தச் சலுகையைத் தேடிப் பிடித்து எடுத்துவிட்டேன். சரிவின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கோடு இருந்தது. அதைக் கீழ்க்கோடி வரை இழுத்து வைத்தேன். அங்கிருந்து தினமும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போனால், கடைசியில் அவர் விழுந்த வளைவு அதன் நிஜச் சரிவுக்கு வந்துவிடும். மைனஸ் பத்து சதவீதம். தூக்கியாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது.

முதல் நாள் சமதளத்திலேயே வம்பு ஆரம்பித்தது.

"முன்னாடி சாயுது," என்றார்.

"ஜீரோல இருக்குங்க. திரையப் பாருங்க."

"சாயுதும்மா."

"சமமா நிக்கறப்பவே சாயுதுன்னா மலையில என்ன பண்ணப் போறீங்க? சைக்கிள உருட்டிக்கிட்டே வருவீங்களா?"

நாக்கில் விஷம் வைத்துக்கொண்டு பேசுகிறவள் நான். அவர் இறங்கிப் போய்க் கூடத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் சொன்னது பொய் என்று நிரூபித்தே தீருவது என்று பரணிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வந்து தரையில் வைத்தேன். குமிழி ஒரு பக்கமாக ஓடிப் போய் ஒட்டிக்கொண்டது. துணி துவைக்கும் அறை அல்லவா, தண்ணீர் வடிவதற்காகத் தரையைச் சரிவாகத்தான் போட்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவை அவர் முதுகெலும்பு கண்டுபிடித்துவிட்டது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஃபோர்க்கைக் கழற்றி, தூக்கிக்கு அடியில் பலகை கொடுத்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, மறுபடியும் பொருத்தி, பச்சை விளக்கு மினுக்கும் வரை பொத்தானை அழுத்திப் புது ஜீரோவைப் பதித்தேன். போய்க் கூப்பிட்டேன். ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இப்ப சரி," என்றார். அவர் சொன்னது சரி என்று ஆனதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது போலிருந்தது. அந்தச் சிவப்புக் கட்டை என்ன ஆனது என்று நான் நினைத்தும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீடு அந்த ஒரு கோட்டைச் சுற்றியே ஓடியது. வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் துணி அறைக்கு ஓடுவேன். இவர் தயாராக உட்கார்ந்திருப்பார். வியர்வை வழிந்து சைக்கிள் கெட்டுவிடக் கூடாது என்று கைப்பிடி மேல் பெரிய துண்டு ஒன்றைப் போர்த்தியிருப்பார், வீட்டுக்குள் ஓட்டுகிற எல்லோரும் செய்வதுதான். மின்விசிறி முழு வேகத்தில் இரையும். நான் எதிரே முக்காலி போட்டுக்கொண்டு ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கண்ணை அவர் முகத்திலும் வைத்திருப்பேன். வளைவு நெருங்கும். தூக்கி முனகிக்கொண்டே தாழும். சைக்கிள் மூக்கைக் கீழே குத்தும். முதல் வாரம் அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப் போனது. அடுத்த வாரம் உதட்டைக் கடித்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. அப்படியே நேராகப் பார்த்துக்கொண்டு வளைவைத் தாண்டினார்.

"கை?" என்று கேட்பேன்.

"லூசாத்தான் வச்சிருக்கேன்."

"பிரேக்?"

"தொடவே இல்ல."

கோடு பாதியைத் தாண்டியது, முக்காலைத் தாண்டியது. மைனஸ் பத்தைத் தொட்ட அன்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். வியர்வையோடு அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். அவரும் சிரித்தார். அன்றே கோச்சுக்கு, "ரெடியாயிட்டார்" என்று செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினார் அவர். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை மதியம் கொழுந்தன் வந்தான். மறுநாள் மலைக்குப் போகச் சைக்கிளைக் கழற்றிச் சக்கரங்களை மாட்டித் தயார் செய்ய வேண்டும். ஃபோர்க்கைத் தூக்கியிலிருந்து எடுத்து, முன் சக்கரத்தைக் கொண்டுபோய்ப் பொருத்தப் பார்த்தான். போகவில்லை. திருப்பிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். குனிந்து கைபேசி வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தான்.

"அண்ணி, கட்டை எங்க?"

"எந்தக் கட்டை?"

கேட்கும்போதே என் கண் வாஷிங் மெஷினுக்குப் போய்விட்டது. அதன் மேல், சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் சிவப்பாக ஒன்று கிடந்தது. ரசமட்டம் வைத்த அன்று கழற்றி வைத்தவள் நான்தான்.

"அதான பாத்தேன். பேட் ரெண்டும் கவ்விக்கிட்டு நிக்குது. ஒரு தாள்கூட நுழையாது போல." அவன் பிளாஸ்டிக் லீவர் ஒன்றை எடுத்து நெம்ப ஆரம்பித்தான். "ஒரு தடவ ரெண்டு தடவ அமுக்கினா இப்படி ஆகாதே அண்ணி. பல நாள் அமுக்கியிருக்கணும். நீங்க துடைக்கறப்ப புடிச்சு அமுக்கினீங்களா?"

இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். துண்டைக் கையில் வைத்திருந்தார். அந்தத் துண்டைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். மறுபடியும் துண்டைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே விளங்கிவிட்டது. சக்கரம் இல்லாத சைக்கிளில் பிரேக் எதையும் நிறுத்தாது. வேகம் குறையாது, திரையில் எதுவும் மாறாது. அதனால் எனக்குத் தெரியவும் வழியில்லை. துண்டுக்கு அடியில், தினமும், ஒன்றையும் நிறுத்தாத பிரேக்கை இந்த மனிதர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் எனக்காகச் சாந்தமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கண்டவர்கள் பொய்யையெல்லாம் கண்டுபிடிக்கிற நான் முக்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

கோபம் வந்தால் எனக்கு மரியாதை பறந்துவிடும். "ஏன் இப்படிப் பண்ணின?" என்று கத்தினேன். "என்னைய என்ன கேனச்சின்னு நினைச்சியா? கோச்சுக்கு ரெடின்னு சொல்லிட்டேன்! நாளைக்கு உன்ன மேல ஏத்திக் கீழ தள்ளப் போறாங்க. போன தடவையும் பிரேக்கப் புடிச்சுத்தான விழுந்த? இந்தத் தடவ காறை எலும்போட போகுமா?"

"அண்ணி," என்றான் கொழுந்தன்.

"நீ சும்மா இரு."

இவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ வேலையிலேர்ந்து செருப்போட ஓடி வருவ. அந்தக் கோட்ட ஏத்தறப்ப உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எப்படிம்மா முடியலன்னு சொல்றது?"

"நாளைக்கு என்ன பண்றதா இருந்தீங்க?"

"இறங்கறதாத்தான் இருந்தேன்."

"பிரேக் புடிச்சுக்கிட்டா?"

கொழுந்தன் நெம்பி நெம்பிப் பேட்களைப் பிரித்துவிட்டான். "வந்துடுச்சு. சக்கரத்த மாட்டட்டுமாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டான்.

"மாட்டு," என்றார் இவர்.

"மாட்டாத," என்றேன் நான். "திரும்பத் தூக்கியில வை."

"இனிமே எதுக்கு அண்ணி…"

"வைடா!"

வைத்தான். இவரிடம் ஏறச் சொன்னேன். துண்டைப் பிடுங்கி வாஷிங் மெஷினுக்குள் வீசினேன். வளைவுக்குச் சற்று முன்னாலிருந்து பாதையை ஓடவிடும்படி கொழுந்தனிடம் சொன்னேன். எனக்கு இன்னும் நப்பாசை இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பிடிக்காமல் இறங்கிவிட்டால் போதும், நாளைக்கும் இறங்கிவிடுவார், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்த ஆசையில்தான் அதைச் செய்தேன். அவர் வலது கைக்குக் கீழே, பிரேக் லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் என் நான்கு விரல்களையும் நுழைத்தேன்.

"என்ன பண்ற?"

"நீங்க புடிச்சா என் விரல் நசுங்கும். அவ்வளவுதான். புடிக்காதீங்க."

"அண்ணி, கட்டை இல்ல, பிரேக் முழுசா உள்ள அமுங்கும்," என்று கொழுந்தன் பதறினான்.

"ஓட விடு."

சாலை ஓடியது. மின்விசிறி போடவில்லை, அதனால் தூக்கி முனகுவது நன்றாகக் கேட்டது. அதோடு அவர் மூச்சும் கேட்டது. இத்தனை நாளும் மின்விசிறி இரைச்சலில் அந்த மூச்சு என் காதில் விழுந்ததே இல்லை. தண்ணீரில் மூழ்கி எழுகிறவன் விடுகிற மூச்சு அது. மைனஸ் மூன்று. அவர் விரல்கள் என் விரல்கள் மேல் படிந்தன. மைனஸ் ஐந்து. "வேணாம்மா, எடுத்துடு," என்றார். நான் எடுக்கவில்லை. மைனஸ் ஏழில் இறுக்க ஆரம்பித்தார்.

பத்தில் என் கண் இருட்டிக்கொண்டு வந்தது. உலோகம் எலும்பு வரை இறங்கியது. கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். முகம் கோணிப் போயிருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. என் விரல் என்று அவருக்குத் தெரிகிறது. என்னை நசுக்குகிறோம் என்று தெரிகிறது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் மேல் ஒரு தூசு விழவிடாத மனிதர்.

"விடுங்க," என்றேன்.

"விட முடியலடி," என்றார். "விடணும்னுதான் பாக்கறேன். முடியலடி."

அந்த இறக்கத்தில் அவருக்கு எப்படி இருக்கும் என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்க வேண்டிய தேவை இல்லை, விரலிலேயே தெரிந்தது. அவர் கோழையும் இல்லை, சோம்பேறியும் இல்லை. அவரைவிடப் பெரிய ஏதோ ஒன்று அவருடைய கையைப் பிடித்திருந்தது. நாளை அதையும் கூட்டிக்கொண்டுதான் அவர் மலை மேலிருந்து இறங்கியிருப்பார், என் முகத்துக்காக.

"போதும்," என்று கொழுந்தனிடம் சொன்னேன். "ஜீரோவுக்குக் கொண்டு வா."

தூக்கி மெதுவாக உயர்ந்தது. சமதளத்துக்கு வந்த பிறகும் அவர் விரல்கள் திறக்கவில்லை. கொழுந்தன் வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான், சற்று முன்னால் அந்தப் பேட்களைப் பிரித்த அதே பொறுமையோடு.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். விரல்கள் நீலம் பாரித்து வீங்க ஆரம்பித்திருந்தன. இவர் சைக்கிளை விட்டு இறங்கி என் எதிரில் உட்கார்ந்தார். இடது கையால் போனை எடுத்துக் கோச்சின் எண்ணை அழுத்தி அவரிடமே கொடுத்தேன். காய்ச்சல் என்று சொல்லலாம், தோள்பட்டை என்று சொல்லலாம். எது சொன்னாலும் நான் ஒத்து ஊதத் தயாராக இருந்தேன்.

"கோச், நாளைக்கு நான் வரல."

"ஏன்ப்பா, மறுபடியும் தோள்பட்டையா?" ஒலிபெருக்கியில் கோச்சின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

இவர் என்னைப் பார்த்தார். அந்த வார்த்தைக்குத் தடை போட்டவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள் அல்லவா? சொல்லுங்கள் என்று நான் தலையை அசைத்தேன்.

"இல்ல கோச். தோள்பட்டைக்கு ஒண்ணும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

"சரிப்பா," என்றார் கோச். இன்னும் ஏதோ சொல்ல வந்து, மறுபடியும் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. அணி போயிற்று. திங்கட்கிழமை காலையில் இவர் எதற்காக எழுந்திருப்பார் என்ற கேள்வி போன இடத்திலிருந்து திரும்பி வந்து என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. கொழுந்தன் முன் சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போனான்.

இவர் எழுந்து போய் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளைக் கொண்டு வந்தார். வாஷிங் மெஷினுக்குள் கிடந்த அந்தத் துண்டையே எடுத்து அதில் சுற்றி என் கையில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதா?" என்றார்.

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. அப்படிச் சொல்லித்தான் எனக்கும் பழக்கம்.

"வலிக்குது," என்றேன்.